கறுப்புப் படத்துக்கு விழுந்த ஓட்டு

நாள் பூரா முப்பதாவது மாடி உசரத்துல தொங்கற மனுஷன், சாயங்காலம் எங்க கட்டடத்துல நாலு மாடி ஏறச் சொன்னா மூக்கால அழுவார். "எனக்கு இறங்கித்தான் பழக்கம் தங்கச்சி, ஏறிப் பழக்கமில்ல"ன்னு சொல்லிட்டு என் கடையிலேயே தொப்புன்னு உக்காந்துடுவார். கீழ்த்தளத்துல என் லாண்டரி கடை. துணி வெளுக்கற மெஷின் ரெண்டு, தேய்க்கற மேஜை ஒண்ணு, ஓரமா ஒரு தையல் மெஷின். அந்தத் தையல் மெஷின்ல ஜிப்பு மாத்தறது, பேன்ட்டு மடிச்சுத் தைக்கறது எல்லாம் அவர் சம்சாரம். ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. ஆனா அவரை அண்ணேன்னு கூப்பிட்டுட்டா அந்தம்மா அண்ணியாகித்தானே ஆகணும்.

அண்ணனுக்குக் கண்ணாடி துடைக்கற வேலை. ஆபீஸ் கட்டடங்கள் தலையிலேருந்து கால் வரைக்கும் கண்ணாடியாவே நிக்குதே, அதை வெளியிலேருந்து துடைக்கணும். மொட்டை மாடியில கயித்தைக் கட்டி, சின்னப் பலகையில உக்காந்து, இடுப்புல வாளியை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு மாடியா இறங்குவாங்க. முதல்ல சோப்புத் தண்ணி, அப்புறம் ரப்பர் வைப்பர், ஓரத்துக்குத் துணி. ரெண்டு கயிறு இருக்கும். "ஒண்ணு உக்கார்றதுக்கு, ஒண்ணு உசுருக்கு"ம்பார். காத்து அடிச்சா மனுஷனைத் துணி மாதிரி சுத்தும். வெயில்ல கண்ணாடி அடுப்பா கொதிக்கும். உள்ள ஏசியில உக்காந்திருக்கறவங்க இவரைப் பாத்தும் பாக்காத மாதிரி கம்ப்யூட்டர்லேயே கண்ணை வெச்சுக்குவாங்க. சில பேர் திரையை இழுத்து விட்டுடுவாங்க.

போன மழைக்காலத்துல அவர் வலது தோள் கெட்டுப் போச்சு. வைப்பரைத் தலைக்கு மேல தூக்கி இழுத்து இழுத்து, உள்ள சதை தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொன்னாராம். சட்டையைக் கழட்ட முடியாது. என் கடையில நின்னுக்கிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுவார், அண்ணி உருவி எடுப்பாங்க. எடுக்கும்போது ரெண்டு பேருமே ஒருத்தரை ஒருத்தர் பாக்க மாட்டாங்க. 

அந்த வலியோட வலியா அவர் பழகினதுதான் இந்த எழுத்து. கூட வேலை பாத்த ஒருத்தர் சொல்லிக் குடுத்தாராம். அது போன்ல ஓடற ஒரு இணையத் தளம். மத்த இடத்துல படம் போட்டா கை தட்டுவாங்க, அதோட சரி. இங்க கை தட்டினா காசு. பதிவு பிடிச்சவங்க ஓட்டுப் போடுவாங்க. ஓட்டுக்குத் தக்கபடி டோக்கன்னு ஒண்ணு கணக்குல ஏறும். அதை வித்தா நிஜக் காசு. பாதியைக் கையில குடுத்துட்டு பாதியைப் பூட்டி வெச்சிடுவாங்க. எவ்வளவு பூட்டி வெச்சிருக்கியோ உன் ஓட்டுக்கு அவ்வளவு பலம். அவசரம்னு பூட்டைத் திறந்தா மொத்தமா வராது, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சொட்டும். எழுதினதை அழிக்கவும் முடியாது, எழுதினவனே தலைகீழா நின்னாலும். அதுக்குப் பேருதான் பிளாக்செயின்னு அண்ணன் எனக்கு விளக்கினார். கேக்கும்போது பாதிதான் புரிஞ்சுது. காசு வந்ததும் மீதியும் புரிஞ்சுது.

பேசற மாதிரியே எழுதுவார். எழுதினதுக்குக் கீழேயே போன் அதை வேற பாஷையில மாத்திப் போட்டுடும். என்ன எழுதுவார்னா, அன்னிக்கு மேல பாத்ததை. ஒரு நாள் பன்னெண்டாவது மாடியில, மீட்டிங் நடக்கற அறையில ஒரு ஆள் தனியா உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தானாம். இவர் பலகை அந்த ஜன்னலுக்கு வந்ததும் அவன் பதறிப் போய் முகத்தைத் துடைச்சானாம். "நான் அந்த ஒரு கண்ணாடியைத் துடைக்காம இறங்கிட்டேன். கீழே வந்ததும் மேலாளர் சத்தம் போட்டார், அந்த இடம் மட்டும் அழுக்கா தெரியுதுன்னு. மறந்துட்டேன்னு சொல்லிட்டேன்"னு முடிச்சிருந்தார். அவர் படிச்சுக் காட்ட, இஸ்திரிப் பெட்டியை நிமித்தி வெச்சுட்டு நான் அதைக் கேட்டேன். யாரும் ஒரு வார்த்தை கேக்காத மனுஷனைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, சொல்லுய்யா கேக்கறோம்னு காசும் குடுத்த இடம் அது. அதை நான் குறைச்சுப் பேச மாட்டேன். யார் பேசினாலும் சண்டைக்கு வருவேன்.

அங்க ஒரு பெரிய ஆள் இருந்தார். தாடிக்காரர்னு நாங்க பேர் வெச்சோம், படத்துல அவ்வளவு தாடி. எந்த நாடோ என்னவோ. மலையளவு டோக்கனைப் பூட்டி வெச்சிருக்கார். அவர் ஒரு ஓட்டுப் போட்டா மத்தவங்க நூறு பேர் போட்டதுக்குச் சமம். அண்ணன் பதிவு போட்ட கொஞ்ச நேரத்துல அவர் ஓட்டு வந்து விழுந்துடும். "காத்துக்கிட்டு இருந்து படிக்கிறார் பாரேன் தங்கச்சி. அங்க என்ன வேலையோ, என்ன கஷ்டமோ, நம்ம பதிவு வந்தா உடனே பாத்துடறார்"னு அண்ணன் பூரிச்சுப் போவார்.

காசும் சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே வந்துச்சு. தோள் டாக்டருக்கு அதுலதான் குடுத்தாங்க. அப்புறம்தான் அண்ணி ஒரு கணக்குப் போட்டாங்க. கான்ட்ராக்டர்கிட்ட கீழ் வேலைன்னு ஒண்ணு இருக்கு. தரையில கயிறு கட்டி ஆள் நடமாட்டத்தைத் தடுக்கணும், வாளி நிரப்பிக் குடுக்கணும், மேல தொங்கறவங்க மேல ஒரு கண்ணு வெச்சுக்கணும். தோளுக்கு வேலையில்ல, ஆனா சம்பளம் பாதி. மீதிப் பாதியை இந்த எழுத்துக் காசு ஈடுகட்டிட்டா அண்ணன் கயித்தை விட்டே இறங்கிடலாம். அடுத்த மாசம் பிறந்ததும் கீழ் வேலைதான்னு கான்ட்ராக்டர்கிட்ட வாய்ச்சொல்லா பேசியும் வெச்சாச்சு. அண்ணி முகத்துல அந்த வாரம்தான் நான் சிரிப்பைப் பாத்தேன். ஜிப்பு மாத்த வந்த ஆளுக்குப் பட்டனும் சேத்துத் தெச்சுக் குடுத்து, கூடுதல் காசு கூட வாங்கல.

இதுல மூக்கை நுழைச்சவன் அண்ணியோட தம்பி. பேங்க்ல கடன் குடுக்கற பிரிவுல வேலை. நான் வெச்ச பேரு கால்குலேட்டர். நல்ல பையன்தான், ஆனா டீ குடிச்சாலும் அதுல வட்டி எவ்வளவுன்னு பாக்கறவன்.

"மாமா, நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது"ன்னு ஆரம்பிச்சான் ஒரு ஞாயித்துக்கிழமை.

"கோவம் வர்ற மாதிரி கேக்காத."

"இந்தப் பணம் யார் பையிலேருந்து வருது?"

"ஓட்டுப் போடறவங்க குடுக்கறாங்க மாப்ள."

"அவங்க பையிலேருந்து ஒரு பைசா போகுதா? போகலையே. ஓட்டுப் போட்டா அவங்களுக்கும் அதுல பங்கு வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க. எழுதறவனுக்கும் வருது, ஓட்டுப் போடறவனுக்கும் வருது. அப்ப குடுக்கறவன் யாரு?"

அண்ணன் யோசிச்சார். "தளமே தினம் புதுசா டோக்கன் உண்டாக்குது. அதைப் பிரிச்சுக் குடுக்குது."

"சரி. உண்டாக்கட்டும். நீங்க அதை விக்கும்போது வாங்கறவன் யாரு?"

"புதுசா வர்றவங்க. நம்பிக்கை இருக்கறவங்க."

"அவங்க ஏன் வரணும்?"

"படிக்க."

"மாமா, அங்க சும்மா படிக்க மட்டும் வந்தவன் ஒருத்தனைக் காட்டுங்க. எல்லாரும் எழுதத்தானே வந்திருக்கான்? சமையல்காரன் மட்டுமே உக்காந்திருக்கற ஓட்டல்ல சாப்பிடறவன் யாரு? இன்னும் எத்தனை நாள் ஓடும்? நீங்க இதை நம்பி மேல் வேலையை விடறீங்க."

எனக்கு வந்ததே கோவம். "ஏன்டா, உங்க பேங்க்ல மட்டும் காசு மரத்துல காய்க்குதா? ஒரு மனுஷன் தோள் போய் நிக்கறார். ஏதோ நாலு காசு மரியாதையா வருது. அதுலயும் ஓட்டை பாக்கணுமா?"ன்னு கத்திட்டேன்.

"கடைக்காரம்மா, ஓட்டை இருந்தா பாக்கத்தானே வேணும்"னு அவன் மெதுவாத்தான் சொன்னான். அண்ணி மட்டும் மெஷினை வேகமா மிதிச்சாங்க.

அதுக்கு அடுத்த வாரம்தான் அந்தக் கூத்து நடந்துச்சு. அண்ணன் போனைக் கழுத்துக் கயித்துல கட்டி நெஞ்சுப் பாக்கெட்டுல போட்டுக்குவார். காத்து ஜாஸ்தியான நாள். பதிவு போடலாம்னு போனைத் திறந்தவர், பலகை ஆடினதும் அப்படியே பாக்கெட்டுல தள்ளிட்டுக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டார். சாயங்காலம் என் கடையில உக்காந்து, வாங்கிட்டு வந்த பன்னைப் பிச்சு டீயில நனைச்சுக்கிட்டே போனைத் திறந்தவர், வாயில வெச்ச பன்னை மெல்லாம அப்படியே உக்காந்துட்டார்.

"என்ன அண்ணே?"

போனை என் பக்கம் திருப்பினார். பாக்கெட்டுக்குள்ளேயே அது படம் எடுத்து, விரலோ நெஞ்சோ அழுத்தி, பதிவாவே போயிடுச்சு. படம் முழுக்கக் கறுப்பு. தலைப்பு இருக்கற இடத்துல "ழழழழப". கீழே ஒரு வரி கிடையாது.

எனக்குச் சிரிப்பு தாங்கல. "ஐயையோ, அழிக்கவும் முடியாதே! பேரன் பேத்தி காலம் வரைக்கும் நிக்கப் போகுது இந்த ழழழழ!"

அவர் சிரிக்கல. "கீழ பாரு தங்கச்சி"ன்னார். பாத்தேன். தாடிக்காரர் ஓட்டு விழுந்திருக்கு. மத்தவங்க ஓட்டும் வரிசையா விழுந்திருக்கு. அழுத ஆளோட கண்ணாடியைப் பத்தி எழுதினாரே, அந்தப் பதிவுக்கு எவ்வளவு வந்துச்சோ கிட்டத்தட்ட அதே காசு. கமெண்ட்டும் வந்திருக்கு. "அருமையான பதிவு, தொடருங்கள்" ஒண்ணு. "உங்கள் எழுத்து மனதைத் தொட்டது" ஒண்ணு. "ஆழமான சிந்தனை"ன்னு ஒருத்தர்.

"கறுப்பா இருக்கறதால ஆழம்னு நினைச்சுட்டார் போல"ன்னு நான் சொன்னேன். சொன்னதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அண்ணன் முகம் அப்படி இருந்துச்சு.

"எல்லாம் மெஷின்"னார். "நான் எது போட்டாலும் தானா ஓட்டு விழற மாதிரி செட் பண்ணி வெச்சிருக்காங்க. தாடிக்காரரும் மெஷின்தான். ஒருத்தர் கூடப் படிக்கல."

அண்ணி தையலை நிறுத்தினாங்க. எந்திரிச்சு வந்து போனை வாங்கிப் பாத்தாங்க. திரும்ப அவர் கையிலேயே குடுத்தாங்க.

"சரி. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். நாளைக்கு எப்பவும் போல ஒண்ணு எழுதிப் போடுங்க."

"எதுக்கு? இன்னொரு கறுப்புப் படம் போட்டா போதாதா?"

"என்னங்க, வம்பு பண்ணாதீங்க. மாசம் பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. கீழ வந்துடுங்க. அப்புறம் ஊர்ல இருக்கற மெஷினையெல்லாம் திட்டுங்க."

"அது இல்ல. மாப்ள கேட்டான்ல, எத்தனை நாள் ஓடும்னு. படிக்கிறாங்க, அதனால ஓடும்னு நினைச்சேன். படிக்காமலே குடுக்கற காசு எப்படி ஓடும்? எழுதறதும் மெஷின், படிக்கறதும் மெஷின்னு ஆனா புதுசா மனுஷன் யாரு உள்ள வருவான்?"

"ஓடற வரைக்கும் ஓடட்டுமே! நீங்களா ஏன் நிறுத்தறீங்க?"ன்னு அண்ணி குரல் உடைஞ்சுது. "அவங்க படிச்சா என்ன, படிக்காட்டி என்ன? எனக்கு நீங்க தரையில நிக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

 அண்ணி சொன்னதுதான் எனக்கும் சரியா பட்டுச்சு. மானமா தோளான்னு வந்தா நான் தோளைத்தான் எடுப்பேன்.

ஆனா அந்த மனுஷன் வேற மண்ணு. ரெண்டு நாள் எதுவும் எழுதல. மூணாவது நாள் மழை பிடிச்சுக்கிச்சு, மழையில கயித்து வேலை கிடையாது. காலையிலேயே கடையில வந்து உக்காந்தார். ஈரத் துணியும் சோப்பு வாசனையும் ஆவியுமா கடையே புகைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அதுக்குள்ள உக்காந்து இடது கையால ஒவ்வொரு எழுத்தா தட்டினார். அந்தத் தளத்துல ஒரு வழக்கம் உண்டு. இந்தப் பதிவுக்கு எனக்குக் கூலி வேண்டாம்னு குறிச்சுடலாம். அப்படிக் குறிச்சா ஓட்டுப் போடறவருக்கும் ஒண்ணும் தேறாது. மெஷின் வந்தாலும் வெறுங்கையோடதான் திரும்பணும். அதைக் குறிச்சுட்டு எனக்குப் படிச்சுக் காட்டினார்.

"மூணு நாள் முன்னாடி வந்த கறுப்புப் படம் என் பாக்கெட்டுக்குள்ள தானா எடுத்தது. அதுல ஒண்ணும் இல்ல. அதுக்கும் நீங்க காசு குடுத்துட்டீங்க. நான் இது வரைக்கும் எழுதினதுக்கும் அப்படித்தான் குடுத்தீங்களான்னு தெரிஞ்சுக்கணும். நான் கண்ணாடி துடைக்கறவன். உள்ள இருக்கறவங்க என்னைப் பாக்காதது எனக்குப் பழக்கம்தான். இங்க பாக்கறீங்கன்னு நினைச்சேன். படிச்சவங்க யாராவது இருந்தா, என்ன படிச்சீங்கன்னு ஒரு வரி சொல்லுங்க. ஓட்டு வேண்டாம்."

"அண்ணே, அண்ணிகிட்ட ஒரு வார்த்தை..."ன்னு நான் ஆரம்பிக்கறதுக்குள்ள விரல் பட்டனைத் தொட்டுடுச்சு. உண்மையைச் சொல்றேன், எனக்கு அவர் மேல கோவமும் வந்துச்சு, காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலவும் இருந்துச்சு. பாதிச் சம்பளத்தை ஒரு விரல்ல தள்ளி விட்டுட்டு, மனுஷன் ஆறிப் போன டீயைக் குடிக்கறார்.

அண்ணிக்குத் தெரிஞ்சதும் சத்தம் போடுவாங்கன்னு நினைச்சேன். போடல. மூணு நாள் அவரோட பேசவே இல்ல. சாப்பாட்டைத் தட்டுல வெச்சுட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவாங்களாம். என்கிட்ட கூட நூல் குடு, ஊசி குடுன்னு மட்டும்தான் பேச்சு.

தளத்துல முதல்ல வசவுதான் வந்துச்சு. "எல்லார் வயித்துலயும் அடிக்கறியே"ன்னு ஒருத்தன். "பிடிக்கலைன்னா கிளம்பு"ன்னு இன்னொருத்தன். வழக்கமா விழற ஓட்டெல்லாம் ஒவ்வொண்ணா கழண்டுக்கிச்சு. அண்ணன் ஒருத்தரையும் எதிர்த்துப் பேசல. அடுத்த நாளும் எழுதினார், அதுக்கு அடுத்த நாளும் எழுதினார். சில்லறை தேறுச்சு.

அப்புறம் மெல்ல மெல்ல வேற ஆளுங்க வந்தாங்க. வேற எங்கேயோ இவரை மாதிரியே கயித்துல தொங்கறவர் ஒருத்தர், "மொட்டை மாடி விளிம்புல கயிறு உராயற இடத்துல பழைய தரை விரிப்பு போடணும்னு எழுதினீங்க, நானும் அதைத்தான் செய்யறேன்"னு எழுதினார். பஸ் ஓட்டற ஒரு பொம்பளை, அந்த அழுத ஆளைப் பத்தின பதிவை டிப்போவுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாளாம். ஒரு வாத்தியார், பிள்ளைங்க அதைக் கேட்டுட்டு, "துடைக்காம விட்டது சரியா தப்பா"ன்னு வகுப்புல சண்டை போட்டாங்கன்னு எழுதினார். எண்ணிப் பாத்தா கை விரலுக்குள்ள அடங்கிடுவாங்க. ஆனா ஒவ்வொருத்தரும் ரத்தமும் சதையுமான ஆளு. அண்ணனுக்கு அதைப் படிக்கும்போது கண்ணு கலங்கிடுச்சு. எனக்கும்தான், ஆவி பட்டுடுச்சுன்னு சொல்லி முகத்தைத் துடைச்சுக்கிட்டேன்.

கால்குலேட்டர் வந்தான். போனை வாங்கி மேலயும் கீழயும் தள்ளிப் பாத்தான்.

"மாமா, இவங்க ஓட்டோட பலத்தைப் பாத்தீங்களா? யார்கிட்டயும் டோக்கன் இல்ல. பத்து பேர் ஓட்டும் சேந்தா ஒரு டீ வாங்கலாம்."

"தெரியும் மாப்ள. படிக்கிறவங்ககிட்ட காசு இல்ல. காசு இருக்கறவங்க படிக்கல. இந்தத் தளத்தோட வியாதியே அதுதான்."

"வியாதி தெரியுதுல்ல? பூட்டி வெச்சதை எடுத்துட்டு வெளிய வாங்க."

"வெளிய வந்துட்டா? பஸ் ஓட்டற அந்தம்மாவும் எழுத ஆரம்பிச்சிருக்கா. நேத்து அவளுக்கு நான் ஒரு ஓட்டுப் போட்டேன். நிஜமா படிச்சுட்டுப் போட்ட ஓட்டு. என்கிட்ட பூட்டி வெச்சது இருக்கறதாலதானே அவளுக்கு ஏதோ போச்சு? எல்லாரும் படிச்சுட்டுப் போட்டா இது நிக்கும்டா. சத்தியமா நிக்கும்."

"எல்லாரும் போடுவாங்களா?"

அண்ணன் போனை வாங்கிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டார். அந்தப் பையனும் விடாப்பிடியா நிக்கல. "நல்ல ஆளுங்கதான் மாமா. அதை நான் மறுக்கல"ன்னு மட்டும் சொன்னான்.

தாடிக்காரர் எழுதினது வெள்ளிக்கிழமை. அதை அண்ணன் ரெண்டு தடவை சத்தமா படிச்சார். "நான் உங்களைப் படித்ததில்லை. நல்லவர்கள் என்று யாரோ சொன்ன பட்டியலை மெஷினிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். இந்த வாரம்தான் உட்கார்ந்து முதல் பதிவிலிருந்து படித்தேன். வெட்கமாக இருக்கிறது. மெஷினை நிறுத்திவிட்டேன். இனிமேல் படித்தால்தான் ஓட்டு. அதனால் எல்லோருக்கும் குறைவாகத்தான் விழும், உங்களுக்கும்." அதுக்குக் கீழே அண்ணனோட பழைய பதிவு ஒண்ணைப் பத்தி நீளமா ஒரு சந்தேகம் கேட்டிருந்தார், காத்து எந்தப் பக்கம் அடிச்சா எந்தப் பக்கத்துலேருந்து துடைக்க ஆரம்பிப்பீங்கன்னு.

"பெரிய மனுஷன்தான்"னேன் நான். நிஜமாவே சொன்னேன். கோடி வெச்சிருக்கறவங்கள்ல வெட்கமா இருக்குன்னு எழுத எத்தனை பேருக்கு மனசு வரும்?

ஆனா வெட்கத்தை வெச்சு வாடகை குடுக்க முடியாதே. கால்குலேட்டர் கூட்டிக் கழிச்சுப் பாத்தான். முன்ன வந்ததுல மூணுல ஒரு பங்கு வந்தா அதிகம். கீழ் வேலைச் சம்பளமும் இதுவும் சேந்தா மாசத்துல கடைசி வாரம் இழுக்கும். அண்ணன் எல்லாத்தையும் கேட்டுட்டுத் தலையை ஆட்டினார்.

"நான் மேலயே போறேன்"னார். "நான் பேசினதுக்கு நான்தானே ஏறணும். தோள் ஒரு வருஷம் தாங்கும்."

"தாங்காது மாமா"ன்னான் தம்பி. கணக்குப் பையன் குரல்ல அப்ப கணக்கே இல்ல.

"பாத்துக்கலாம்டா."

சனிக்கிழமை மத்தியானம் கான்ட்ராக்டர் போன் பண்ணினார். என்ன முடிவுன்னு கேக்கத்தான். நாலு பேரும் கடையிலதான் இருக்கோம். துணி வெளுக்கற மெஷின் கடகடன்னு ஓடுதுன்னு அண்ணன் ஸ்பீக்கர்ல போட்டு மேஜை மேல வெச்சார்.

"என்னப்பா, மேலயா கீழயா? கீழ ஆள் வேணும்னு வேற ரெண்டு பேர் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

அண்ணன் தொண்டையைச் செருமினார். "சார், நான்..."

"கீழ"ன்னாங்க அண்ணி. தையல் மெஷினை விட்டு எந்திரிச்சு வந்து போன் பக்கத்துல குனிஞ்சு, பளிச்சுன்னு சொன்னாங்க. "கீழ் வேலைக்கு வரார் சார். நான் அவர் வீட்டுக்காரி பேசறேன். திங்கக்கிழமைலேருந்தே வரார்."

"அப்படியா, சரிம்மா"ன்னு அவர் வெச்சுட்டார்.

அண்ணனுக்கு ஆத்திரம் வந்துடுச்சு. "உனக்கு என்ன தெரியும்? கடைசி வாரம் எப்படி ஓட்டுவே?"

"நீங்க பூட்டி வெச்சது இருக்குல்ல? அதுல பாதியைத் திறங்க. வாராவாரம் சொட்டட்டும். மீதிப் பாதி இருக்கட்டும், அந்த பஸ் அம்மாவுக்கு ஓட்டுப் போடுங்க. நான் இங்க ராத்திரி வரைக்கும் தைக்கறேன். இவகிட்ட கேட்டாச்சு."

என்கிட்ட எங்க கேட்டாங்க? ஆனா நான், "ஆமா ஆமா, கேட்டாங்க"ன்னு தலையாட்டினேன்.

"உனக்கு எப்படித் தெரியும் பஸ் அம்மாவை?"ன்னார் அண்ணன்.

அண்ணி அவரை நேரா பாத்தாங்க. இத்தனை நாளா பாக்காத பார்வையெல்லாம் சேத்து வெச்சுப் பாத்தாங்க.

"படிச்சவங்க யாருன்னு உலகத்தையே கேட்டீங்க. என்னைக் கேட்டீங்களா?"

மேஜை மேல இருந்த போனை எடுத்து அவர் கையில வெச்சாங்க.

"படிக்கறதுக்கு அந்தத் தளத்துல கணக்கு வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க. ஓட்டுப் போடத்தான் கணக்கு வேணும். என்கிட்ட ஓட்டு இல்ல. ஆனா முதல் பதிவுலேருந்து ஒண்ணு விடல நான். வீட்டுக்கு வந்து இன்னைக்கு வெயில் ஜாஸ்தின்னு சொல்வீங்க. நீங்க குளிக்கப் போனதும் போன்ல உங்க பதிவைப் பாப்பேன். இருபத்தி ரெண்டாவது மாடியில காத்து சுத்தி முதுகு கண்ணாடியில இடிச்சுதுன்னு எழுதியிருப்பீங்க. தோள் மரத்துப் போய் வைப்பர் கையை விட்டு நழுவிச்சுன்னு எழுதியிருப்பீங்க. கயிறு ஒரு சாண் இறங்கினதும் வயிறு எப்படி இருந்துச்சுன்னு எழுதியிருப்பீங்க. என்கிட்ட சொல்லாததையெல்லாம் யார் யார்கிட்டயோ சொல்லிக்கிட்டு இருந்தீங்க. நான் படிச்சுட்டு வந்து உங்களுக்குச் சோறு போடுவேன்."

 தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நான் தேய்ச்ச சட்டையையே திரும்பத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன்.

அண்ணன் மெதுவா கேட்டார். முதல் பரீட்சை எழுதின பையன் கேக்கற மாதிரி கேட்டார்.

"எப்படி இருந்துச்சு? நான் எழுதினது?"

அண்ணி புடவைத் தலைப்பால முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க.

"நல்லாத்தான் எழுதறீங்க"ன்னாங்க. "சுமாரா எழுதியிருந்தீங்கன்னா நான் ராத்திரி நிம்மதியா தூங்கியிருப்பேன்."